தேஜஸ் இலகுரகப் போர் விமானம்: என்ன செய்யும், எவ்வளவு ஆகும்?

கேட்கப்பட்ட கேள்வி இது: தேஜஸ் விமானத்தின் விலை ஓரிடத்தில் 300 கோடி ரூபாய் என்றும் இன்னோரிடத்தில் 640 கோடி என்றும் எழுதப்படுகிறது. இவற்றில் எது சரி? அந்த விலைக்கு இந்த விமானம் என்ன செய்யும்? இதற்குப் பதிலாக ரஃபேல் போன்ற பெரிய விமானத்தையே கூடுதலாக வாங்கிவிடக் கூடாதா?

இரண்டு விலைகளும் சரியானவைதாம். எந்தெந்தச் செலவுகளைக் கூட்டிக்கொண்டார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. விலைக்குப் போவதற்கு முன் விமானம் எத்தகையது என்பதைப் பார்த்துவிட வேண்டும். என்ன பொருளை வாங்குகிறோம் என்று தெரியாமல் விலையைப் பற்றி வாதிடுவதில் பயனில்லை.

மிக்-21 விமானங்களுக்கு மாற்றாக உள்நாட்டிலேயே ஒரு சிறிய போர் விமானத்தை உருவாக்க வேண்டும் என்ற திட்டம் 1983-இல் தொடங்கியது. அதை வடிவமைப்பதற்காகவே வானூர்தி மேம்பாட்டு முகமை 1984-இல் அமைக்கப்பட்டது; உற்பத்திப் பொறுப்பு பெங்களூரு இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்திடம் வந்தது. முதல் மாதிரி 2001 ஜனவரி 4 அன்று பறந்தது. ஏறக்குறைய 13.2 மீட்டர் நீளமும் 8.2 மீட்டர் இறக்கை அகலமும் கொண்ட இந்த விமானத்தின் அருகில் நின்று பார்ப்பவர்களுக்கு, சுகோய்-30 விமானத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இது ஒரு பயிற்சி விமானம்போலத்தான் தோன்றும். அந்தச் சிறிய உருவத்திலிருந்துதான் இதன் பலம், பலவீனம், விலை மூன்றும் பிறக்கின்றன.

முதலில் சுமைக் கணக்கு. தேஜஸ் மார்க்-1 வகையின் வெற்று எடை ஏறக்குறைய 6.5 டன். உள் தொட்டிகளில் சுமார் 2,450 கிலோ எரிபொருள் கொள்ளும். விமானி, எண்ணெய், பீரங்கிக் குண்டுகள் உள்ளிட்டவற்றையும் சேர்த்தால், வெளியே எதையும் தொங்கவிடாமல் புறப்படும்போது எடை 9.8 டன் அளவில் நிற்கும். புறப்படுவதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 13.5 டன். ஆக, உள் தொட்டிகள் நிரம்பிய நிலையில் வெளியே தொங்கவிடக் கிடைப்பது சுமார் 3,700 கிலோ மட்டுமே. இந்த விமானத்தின் சுமைத்திறனாக 3,500 கிலோவும் சொல்லப்படுகிறது, 5,300 கிலோவும் சொல்லப்படுகிறது. பின்னதை அப்படியே எடுத்துக்கொண்டால், வெற்று எடையும் முழு எரிபொருளும் அந்தச் சுமையும் சேர்ந்து 14 டன்னைத் தாண்டிவிடும். அதாவது அவ்வளவு சுமையை ஏற்ற வேண்டுமானால் எரிபொருளைக் குறைத்தாக வேண்டும். விளம்பரத் தாள்களில் சுமையும் தூரமும் தனித்தனி வரிகளில் அச்சிடப்படுவதால் இந்த உண்மை கண்ணில் படுவதில்லை.

ஒரு தாக்குதல் பணியை எடுத்துக்கொண்டு அந்த 3,700 கிலோவைச் செலவழித்துப் பார்ப்போம். இறக்கைகளின் கீழ் 1,200 லிட்டர் கொள்ளும் கூடுதல் எரிபொருள் தொட்டிகள் இரண்டை மாட்டினால், எரிபொருள் மட்டும் 1,900 கிலோவுக்கு மேல் இருக்கும். தொட்டிகளின் சொந்த எடையையும் சேர்த்தால் இரண்டு டன்னைத் தாண்டும். தற்காப்புக்காக ஆர்-73 வகை ஏவுகணைகள் இரண்டு, ஒன்று 105 கிலோ வீதம். இலக்கை அடையாளம் காட்டும் லைட்னிங் கருவிக்கூடு ஏறக்குறைய 200 கிலோ. மிச்சத்தில் 450 கிலோ வகை லேசர் வழிகாட்டுக் குண்டுகள் இரண்டை ஏற்றலாம், அவ்வளவுதான். இதோடு சில நூறு கிலோமீட்டர் சென்று தாக்கிவிட்டுத் திரும்பலாம். வானிலேயே எரிபொருள் நிரப்பும் வசதி இருப்பதால், டேங்கர் விமானம் கிடைத்தால் தூரம் கூடும், சுமை கூடாது. எடுத்துக்காட்டாக ரஃபேலின் உச்சப் புறப்பாட்டு எடை 24.5 டன், வெளிச்சுமை 9.5 டன். இந்த இரண்டு விமானங்களையும் ஒரே தட்டில் வைத்து எது மேல் என்று கேட்பதே பொருந்தாது.

இவ்வளவு சொன்னதால் தேஜஸ் எதற்கும் உதவாது என்று கொள்ள வேண்டாம். நம் எல்லைக்குள் நுழையும் விமானத்தைத் தடுத்து நிறுத்துவது, விமானத்தளங்களுக்கு மேலே காவல் நிற்பது, எல்லையை ஒட்டிய இலக்குகளைத் தாக்கி நிலப்படைக்கு உதவுவது ஆகியவைதான் ஒரு விமானப்படையின் அன்றாட வேலைகளில் பெரும்பகுதி. அந்த வேலைகளுக்குப் பத்து டன் குண்டுச்சுமை தேவையில்லை. விரைவில் எழும்பவும், எதிரியை முதலில் காணவும், தொலைவிலிருந்தே ஏவுகணை செலுத்தவும் முடிந்தால் போதும். இந்த அளவுகோலில் தேஜஸ் நல்ல விமானம். வால் இறக்கை இல்லாத முக்கோண (டெல்டா) வடிவமும், வேண்டுமென்றே நிலைப்புத்தன்மை குறைவாக வைக்கப்பட்ட அமைப்பும், நொடிக்கு நொடி கணினியே சமன்படுத்தும் நான்கு மடங்குக் காப்புடைய மின்னணுக் கட்டுப்பாடும் சேர்ந்து இதைச் சுறுசுறுப்பான விமானமாக்குகின்றன. உடலின் எடையில் ஏறக்குறைய 45 விழுக்காடு கார்பன் இழைக் கலவைகளால் ஆனது. உருவமே சிறியதாகவும், உலோகம் குறைவாகவும் இருப்பதால் எதிரி ரேடாரில் தெரியும் அளவும் குறைகிறது. வேக உச்சம் ஒலியின் வேகத்தைப் போல் 1.6 மடங்கு, இது தேவைக்குப் போதுமானது, பெருமைக்குரியது அன்று.

மார்க்-1 வகையை விமானப்படை ஏற்றுக்கொண்டபோது குறைகள் இல்லாமல் இல்லை. 2015-இல் வெளியான மத்தியத் தணிக்கை அறிக்கை, படை கேட்டிருந்த தகுதிகளில் 20 நிரந்தரமாகவும் 33 தற்காலிகமாகவும் தளர்த்தப்பட்டதை எடுத்துச் சொன்னது. எழுந்த குறைகளில் முக்கியமானது, தற்காப்புக்கான மின்னணு எதிர்ப்புக் கருவிக்குச் சிறிய உடலில் இடம் இல்லாமற்போனது. 2021-இல் வாங்க ஒப்பந்தமான மார்க்-1ஏ வகை, ஏறத்தாழ இந்த அறிக்கைக்கான பதில் என்றே சொல்லலாம். இயந்திரமாகச் சுழலும் பழைய ரேடாருக்குப் பதிலாக மின்னணு முறையிலேயே கதிரைத் திருப்பும் ஏசா ரேடார், இறக்கையின் கீழ் மாட்டும் மின்னணு எதிர்ப்புக் கூடு, கண்ணுக்கெட்டாத் தொலைவுக்கான அஸ்திரா ஏவுகணை, பழுதுபார்ப்பை எளிதாக்கும் மாற்றங்கள் ஆகியவை இதில் சேர்க்கப்பட்டன. அஸ்திரா 2023 ஆகஸ்டில் கோவா கடற்கரையை ஒட்டித் தேஜஸிலிருந்து ஏவிச் சோதிக்கப்பட்டது. ஆனால் என்ஜின் பழையதுதான். 84 கிலோநியூட்டன் உந்துவிசை தரும் அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் எஃப்-404. எனவே மார்க்-1ஏ விமானத்தால் முன்னதைவிடத் தொலைவில் பார்க்கவும் பாதுகாப்பாக இருக்கவும் முடியுமே தவிர, அதிகம் சுமக்கவோ நெடுந்தூரம் போகவோ முடியாது. சுமையும் தூரமும் கூட வேண்டுமானால் எஃப்-414 என்ஜினோடு 17.5 டன் எடையில் திட்டமிடப்பட்டுள்ள மார்க்-2 வர வேண்டும். அது வந்தால் இலகுரகம் என்ற வகைக்குள் அடங்காது.

இனி விலை. 2006-இல் முதல் 20 விமானங்களுக்கான ஒப்பந்தம் 2,813 கோடி ரூபாய். 2010-இல் அடுத்த 20 விமானங்களுக்கு 5,989 கோடி. 2021 பிப்ரவரியில் 83 மார்க்-1ஏ விமானங்களுக்கு ஏறக்குறைய 46,900 கோடி. 2025 செப்டம்பரில் மேலும் 97 விமானங்களுக்கு, வரிகள் நீங்கலாக, 62,370 கோடிக்கும் மேல். வெறுமனே வகுத்துப் பார்த்தால் ஒரு விமானம் 140 கோடியிலிருந்து 300, 565, 643 கோடி என்று ஏறிக்கொண்டே போவதாகத் தோன்றும். ஆத்திரப்படுவதற்கு வசதியான கணக்கு இது. ஆனால் முதல் ஒப்பந்தத்தில் வாங்கிய பொருளும் கடைசி ஒப்பந்தத்தில் வாங்கும் பொருளும் ஒன்றல்ல. இடையில் இருபது ஆண்டுப் பணவீக்கமும் ரூபாய் மதிப்புச் சரிவும் இருக்கின்றன.

2021 ஒப்பந்தத்தின் உள்விவரத்தை இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ஆர்.மாதவன் வெளிப்படையாகவே பிரித்துச் சொன்னார். ஒரு போர் விமானத்தின் அடிப்படை விலை 309 கோடி, இரண்டு இருக்கைப் பயிற்சி வகையின் விலை 280 கோடி. 73 போர் விமானங்களும் 10 பயிற்சி விமானங்களும் சேர்ந்து 25,000 கோடி அளவில் முடிந்துவிடுகின்றன. தரைக் கருவிகளுக்கும் தளங்களில் அமைக்கும் வசதிகளுக்கும் 11,000 கோடி. சுங்க வரிக்கும் ஜிஎஸ்டிக்கும் 7,000 கோடி. வடிவமைப்புப் பணிக்கும் அந்நியச் செலாவணி ஏற்ற இறக்கத்திற்கும் ஒதுக்கியது ஏறக்குறைய 5,000 கோடி. இவற்றைக் கூட்டினால் அப்போது பேசப்பட்ட 48,000 கோடி வந்துவிடுகிறது. ஆகவே 300 கோடி என்று எழுதுபவர் விமானத்தின் விலையைச் சொல்கிறார்; 565 கோடி, 640 கோடி என்று எழுதுபவர் அந்த விமானத்தைப் பறக்கவைக்கத் தேவையான எல்லாவற்றின் விலையையும் சொல்கிறார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வரியாகப் போகும் 7,000 கோடி அரசின் ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போடுவது. அதைச் செலவு என்று கூட்டி விமானத்தின் மேல் ஏற்றுவது எனக்கு ஒருபோதும் நியாயமாகப் பட்டதில்லை.

ஒப்பிட விரும்பினால் இரு பக்கமும் ஒரே முறையில் வகுக்க வேண்டும். 2016-இல் 36 ரஃபேல் விமானங்களுக்கு ஆயுதங்கள், உதிரிபாகங்கள், இந்தியாவுக்கென்று செய்த மாற்றங்கள் உட்பட 787 கோடி யூரோ, அன்றைய மதிப்பில் சுமார் 59,000 கோடி ரூபாய். விமானத்துக்கு 1,600 கோடிக்கு மேல். 2024 டிசம்பரில் உள்நாட்டிலேயே தயாராகும் 12 சுகோய்-30 விமானங்களுக்கு, துணைக் கருவிகளும் வரியும் சேர்த்து, சுமார் 13,500 கோடி. விமானத்துக்கு 1,100 கோடிக்கு மேல். ஏறக்குறைய இதே முறையில் தேஜஸ் 565 முதல் 643 கோடி (643 வரி சேராத கணக்கு). எனவே ஒரு ரஃபேல் விலையில் ஏறத்தாழ மூன்று தேஜஸ் வாங்கலாம் என்று சொன்னால் அது பெரிய பிழையாகாது. ரஃபேல் விலை 2016-ஆம் ஆண்டினது என்பதை நினைவில் வைத்தால் விகிதம் இன்னும் தேஜஸ் பக்கமே சாயும். இதன் நேர்ப் போட்டியாளர்களோடு வைத்தால் கதை இவ்வளவு இனிப்பாக இருக்காது. மலேசியா 2023-இல் 18 கொரிய எஃப்ஏ-50 விமானங்களை 92 கோடி டாலருக்கு, அதாவது ஒன்று சுமார் 5.1 கோடி டாலர் வீதம் வாங்கியது. 309 கோடி ரூபாய் 2021 மதிப்பில் சுமார் 4.2 கோடி டாலர். துணைச் செலவுகளைக் கூட்டினால் கொரிய விலையைத் தாண்டிவிடும். எஃப்ஏ-50 பயிற்சி விமானத்திலிருந்து வளர்ந்தது, தேஜஸ் அதைவிடத் தேர்ந்த போர் விமானம் என்று வாதிடலாம். ஆனால் மலேசியா இரண்டையும் பரிசீலித்த பிறகுதான் கொரிய விமானத்தைத் தேர்ந்தெடுத்தது. குறித்த நாளில் பொருளை ஒப்படைக்கும் பழக்கமும் விலையின் ஒரு பகுதிதான் என்பதை வாங்குபவர்கள் அறிவார்கள்.

என்னைக் கேட்டால், தேஜஸுக்கு நாம் கொடுத்த உண்மையான விலை இந்தக் கோடிகளில் எதிலும் இல்லை; காலதாமதத்தில் இருக்கிறது. முழுமையான வடிவமைப்புப் பணிக்கான முதல் இரண்டு கட்டங்களுக்கும் அரசு அனுமதித்த தொகை சேர்ந்தே 7,965 கோடி ரூபாய்தான். ஒரு நவீனப் போர் விமானத்தை அடிப்படையிலிருந்து உருவாக்குவதற்கு உலக அளவில் இது சிக்கனமான தொகை. ஆனால் 1998-இல் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பின் அமெரிக்கா விதித்த தடையால், அங்கே லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தோடு சேர்ந்து பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளைச் சோதித்துக்கொண்டிருந்த நம் பொறியாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்தப் பணியை இங்கேயே முதலிலிருந்து முடிக்க வேண்டியதாயிற்று. தேஜஸுக்கு உள்நாட்டு என்ஜின் செய்வதற்காக 1989-இல் தொடங்கிய காவேரி திட்டம் போதிய உந்துவிசையை எட்டாமல், 2008-இல் தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. முழுத் தகுதிச் சான்று 2019 பிப்ரவரியில்தான் கிடைத்தது. திட்டம் தொடங்கி 36 ஆண்டுகள்.

என்ஜின் விஷயத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் விமானங்களைச் சிறுகச் சிறுக வாங்குவதன் செலவு இதில்தான் பச்சையாகத் தெரிகிறது. நாற்பது விமானங்களுக்கும் சோதனை விமானங்களுக்குமாக 65 எஃப்-404 என்ஜின்களை ஜெனரல் எலெக்ட்ரிக் 2016-க்குள் கொடுத்து முடித்தது. அடுத்த ஆர்டர் வராததால், இந்தியாவுக்கென்றே இருந்த அந்த வகையின் உற்பத்தி வரிசையை நிறுவனம் மூடிவிட்டது. 2021 ஆகஸ்டில் 5,375 கோடி ரூபாய்க்கு 99 என்ஜின்கள் கேட்கப்பட்டபோது, உதிரிபாகம் தருபவர்களை மறுபடி தேடிப்பிடித்து, கொரோனாவுக்குப் பிந்தைய நெருக்கடிக்கு நடுவே, நின்றுபோன வரிசையை மீண்டும் ஓட்ட வேண்டியிருந்தது. முதல் என்ஜின் 2025 மார்ச்சில்தான் வந்தது. 2024 தொடக்கத்தில் படையில் சேர்ந்திருக்க வேண்டிய மார்க்-1ஏ, 2025 முடியும் வரையிலும் ஒப்படைக்கப்படவில்லை; என்ஜினோடு ரேடார், ஏவுகணை ஒருங்கிணைப்புப் பணிகளும் இழுத்தடித்தன. ஓர் என்ஜினின் விலை 54 கோடி, விமானத்தின் அடிப்படை விலையில் ஆறில் ஒரு பங்குதான். அந்த ஒரு பங்கு நம் கையில் இல்லாததால் மற்ற ஐந்து பங்கும் கொட்டகையில் காத்திருந்தன.

இதற்கிடையில் 2025 செப்டம்பர் 26 அன்று மிக்-21 ஓய்வுபெற்றது. 42 படைப்பிரிவுகள் இருக்க வேண்டிய விமானப்படையில் 29-தான் எஞ்சின. மூன்றாவது கேள்விக்கான பதில் இங்கே இருக்கிறது. பற்றாக்குறை 13 படைப்பிரிவுகள், அதாவது இருநூறுக்கும் மேற்பட்ட விமானங்கள். அதை ரஃபேல் கொண்டு நிரப்ப எந்த நிதியமைச்சரும் கையெழுத்திட மாட்டார். ஒரு மிக்-21 படைப்பிரிவு செய்துவந்த காவல் வேலைக்கு இரட்டை என்ஜின் விமானத்தை நாள்தோறும் எழுப்புவதும் வீண்செலவு. போர் விமானம் வாங்கிய நாளோடு செலவு முடிவதில்லை. முப்பது நாற்பது ஆண்டுகள் எரிபொருள், உதிரிபாகம், என்ஜின் மறுசீரமைப்பு என்று அது தொடரும். ஸ்வீடனின் சாப் நிறுவனம் கேட்டுக்கொண்டதற்கிணங்க, பாதுகாப்புத் துறைத் தகவல்களைத் தொகுக்கும் ஜேன்ஸ் நிறுவனம் 2012-இல் செய்த ஒப்பீட்டில், ஒற்றை என்ஜின் கொண்ட கிரிப்பென் ஒரு மணி நேரம் பறக்க 4,700 டாலரும், ரஃபேல் 16,500 டாலரும் ஆகும் என்று மதிப்பிடப்பட்டது. கிரிப்பென் தயாரிப்பாளரே கேட்டு வாங்கிய கணக்கு என்பதால் அதைச் சற்றுக் கழித்தே படிக்க வேண்டும். இருந்தாலும் ஒரு என்ஜினுக்கும் இரண்டு என்ஜினுக்கும் உள்ள செலவு இடைவெளி எந்தத் திசையில் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. தேஜஸ் அளவிலும் என்ஜின் குடும்பத்திலும் கிரிப்பெனின் பழைய வகைக்கு நெருங்கிய உறவு.

இந்தப் பணத்தின் ஒரு பகுதி எங்கே போகிறது என்பதையும் செலவுக் கணக்கில் சேர்க்கலாம். மார்க்-1ஏ இறக்கைகளை எல் அண்ட் டி நிறுவனம் கோயம்புத்தூரில் தயாரிக்கிறது. முதல் தொகுதி 2025 ஜூலையில் ஒப்படைக்கப்பட்டது. என்ஜினின் சுழற்சியை ஜெனரேட்டர், ஹைட்ராலிக் பம்பு ஆகியவற்றுக்குக் கடத்தும் பல்சக்கரப் பெட்டியை வடிவமைத்தது, டாங்கி ஆய்வுக்குப் பெயர்பெற்ற ஆவடி ஆய்வுக்கூடம். தேஜஸ் பறக்கும் இரண்டு படைப்பிரிவுகளான 45-ஆவதும் 18-ஆவதும் சூலூர் தளத்தில்தான் நிலைகொண்டன. ஆயினும் உள்நாட்டுப் பங்கைப் பற்றிய பெருமிதத்தில் அளவு வேண்டும். புதிய 97 விமானங்களில் அது 64 விழுக்காட்டைத் தாண்டும் என்று அரசு சொல்கிறது. எஞ்சியதில் என்ஜின் அமெரிக்கா, விமானி வெளியேறும் இருக்கை பிரிட்டன். அர்ஜென்டினாவுக்கு ஆயுதம் விற்கப் பிரிட்டன் தடை விதித்திருந்தது; பிரிட்டிஷ் பாகங்கள் இருப்பதால் தங்கள் எஃப்ஏ-50 விமானத்தை விற்க இயலாது என்று அர்ஜென்டினாவுக்குக் கொரிய நிறுவனம் 2020-இல் எழுத நேர்ந்தது. அதே முள் தேஜஸ் ஏற்றுமதியிலும் இருக்கிறது.

பாதுகாப்பு பற்றியும் சிலர் கேட்கக்கூடும். 2001 முதல் 2023 வரை தேஜஸ் ஒரு விமானத்தைக்கூட விபத்தில் இழக்கவில்லை. 2024 மார்ச்சில் ஜெய்சால்மர் அருகே ஒன்று விழுந்தது, விமானி தப்பினார். 2025 நவம்பரில் துபாய் வான் கண்காட்சியில் சாகசப் பறப்பின்போது இன்னொன்று விழுந்து விமானி உயிரிழந்தார். ஒற்றை என்ஜின் போர் விமானங்களின் வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் இது மோசமான பதிவு அன்று.

ஆகவே 97 விமானங்களுக்கான இரண்டாவது பெரிய ஆர்டரை நான் சரியான முடிவு என்றே கருதுகிறேன். நாசிக்கில் திறக்கப்பட்ட புதிய உற்பத்தி வரிசையையும் சேர்த்து ஆண்டுக்கு 24 விமானங்கள் என்பது இலக்கு. அந்த வேகத்துக்கு ஏற்ற அளவில் ஆர்டர் இருந்தால்தான் இறக்கை செய்பவரும் உடல்பகுதி செய்பவரும் துணிந்து முதலீடு செய்வார்கள். இந்த முறை என்ஜினும் முன்கூட்டியே கேட்கப்பட்டுவிட்டது. 2025 நவம்பரில் 113 எஃப்-404 என்ஜின்களுக்கு ஒப்பந்தமாகி, 2027 முதல் 2032 வரை அவை வந்துசேர வேண்டும். அடுத்த சில ஆண்டுகளில் இந்த விமானத்தைப் பற்றிய செய்திகளைப் படிப்பவர்கள் விமானத்தின் விலையை விட்டுவிட்டு, ஆண்டுக்கு எத்தனை என்ஜின் வந்தது என்ற எண்ணைப் பார்க்கலாம். அது இருபதுக்குக் கீழே போனால், 643 கோடி என்ற கணக்கும் நிற்காது.